காலிக் கட்டிலைப் பற்றிக் கேட்டவள்

தண்ணீர் குடித்ததுதான் முதல் தப்பு. குடித்தது அக்கா இல்லை, அவளுடைய தம்பி.

யாருக்கு அக்கா என்று கேட்பீர்கள். கூடப் பிறந்தவன் ஒருவன்தான். ஆனால் அவளிடம் கார் ஓட்டப் பழகிய எல்லோருமே அவளை டிரைவிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்த சின்னக் காரில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்சையும் கியரையும் பழக்கியவள் அவள். ஐம்பதைத் தாண்டிய வயதில் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. வாரத்தில் மூன்று நாள், அரைப் பகல் முழுக்கப் படுத்து, ரத்தத்தை ஒரு மெஷினுக்குள் அனுப்பிச் சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக வந்த முதல் நாள் அது.

நீளமான அறை, ஐந்து கட்டில்கள். ஒவ்வொரு தலைமாட்டிலும் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின். நான்கு கட்டில்களில் ஆட்கள் படுத்திருந்தார்கள், கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. டி.வி.யில் யாரோ வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி நான்கு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அக்காளின் பையைக் கட்டிலடியில் வைத்தான். வெயிலில் வந்த களைப்பு அவனுக்கு. பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரை குடித்து, 'அப்பாடா' என்றான்.

பேச்சு நின்றுவிட்டது. ஓர் அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த இளைஞன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த கட்டில் பெரியவர் மட்டும் தம்பியின் தொண்டை மேலும் கீழும் போவதையே பார்த்தார், கூடவே அவர் தொண்டையும் ஒரு முறை ஏறி இறங்கியது.

"சார், நீங்க வெளியில உக்காருங்க" என்றாள் சிஸ்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான் என்னக்கா பண்ணேன்?" என்று தம்பி வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. உடம்பிலிருந்து நீர் வெளியே போக வழியில்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கூட அதிகம். தாகம் எடுத்தால் ஐஸ் துண்டு ஒன்றை நாக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்கள் நடுவில் நின்று ஒரு பாட்டிலைக் காலி செய்தால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். 'இங்கே தண்ணீர் குடிக்காதீர்கள்' என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சுவரில் எழுதியிருந்ததெல்லாம் செருப்பைக் கழற்றுவதையும் கையைக் கழுவுவதையும் பற்றித்தான்.

அக்காளுக்கு இது பிடித்துப்போனது. நோய் அல்ல, இந்த விஷயம். லைசென்ஸ் வாங்கப் படிக்கிற விதிகள் வேறு, சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற விதிகள் வேறு என்று தன்னிடம் படிக்க வருகிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள். எதிரே வருகிறவன் விளக்கை ஒரு முறை மினுக்கினால் 'நீ போ' என்று அர்த்தமா, 'நான் வர்றேன், ஒதுங்கு' என்று அர்த்தமா? புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அந்தச் சாலையில் நாலு நாள் ஓட்டினால் தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகவே படுத்தபடியே அந்த அறையின் விதிகளைக் கண்டுபிடிப்பதை அவள் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டாள். எடை பார்க்கும் கருவியில் ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் வேறெங்காவது பார்ப்பார்கள். திருட்டுத்தனமாக யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா. அடுத்தவர் குழாயை உற்றுப் பார்ப்பதில்லை. டி.வி. ரிமோட் தையல் அம்மாவின் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வர்றேன்' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். இதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

தையல் அம்மா என்பவள்தான் முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவள். அந்த அறைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவள் அவள்தான். பழைய தையல்காரி, இப்போதும் அடுத்தவர் சட்டையைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டாள். "அந்த நைட்டிய யாரும்மா தச்சது? கழுத்து ஒரு பக்கமா இழுக்குது பாரு" என்பதுதான் அக்காளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த கட்டிலில் தொண்டை ஏறி இறங்கியவர் பூட்டுக்காரர். பூட்டு பழுது பார்ப்பார், சாவி வெட்டிக் கொடுப்பார். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதில்தான் குடியிருப்பு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. ஊசி போட வசதியாக ரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்து வைத்திருக்கும் கை, ரத்தம் பாயும் வேகத்தில் உள்ளுக்குள் உறுமிக்கொண்டே இருக்கும், அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மோட்டார் ஓடுது டிரைவரம்மா, வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகும்" என்பார்.

"ஆயில் மாத்தத்தானேண்ணே வந்து படுத்திருக்கோம்" என்பாள் அக்கா.

"எந்தப் பூட்டையும் திறந்துருவேன். இந்த சிஸ்டர் வாயை மட்டும் திறக்க முடியல."

சிஸ்டர் சிரிக்காமல் மெஷினைப் பார்ப்பாள். ஹெட்போன் தம்பி எதுவுமே சொல்ல மாட்டான். அவன் குரல் எப்படி இருக்கும் என்றே அக்காளுக்குத் தெரியாது.

ஐந்தாவது ஆள் ஜன்னல்காரர். ஜன்னலோரக் கட்டில் அவருடையது. வெளியே நடப்பதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார். யார் யாருடன் கோபித்துக்கொண்டு நடந்தார்கள், எந்த வண்டி எந்த வண்டியை உரசியது, எல்லாம் அவர் வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு நாள் அக்கா வந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஜன்னல்காரர் இன்னைக்கு வரலையா?" என்றாள்.

சிஸ்டர் குனிந்து, ஏற்கெனவே சரிபார்த்த ஒரு குழாயை மறுபடி சரிபார்த்தாள். ஹெட்போன் தம்பி சத்தத்தைக் கூட்டினான்.

"ஏசி இன்னைக்கு ரொம்பக் குளிருது" என்றாள் தையல் அம்மா. "யாராவது குறைக்கச் சொல்லுங்க."

அக்கா மறுபடி வாயெடுத்தாள். பூட்டுக்காரர் அவளைப் பார்த்து, மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். சூடான பாத்திரத்தைத் தொடப் போகிற குழந்தையைப் பெரியவர்கள் எட்ட நின்று எச்சரிப்பார்களே, அந்த மாதிரி. அன்றைக்கு முழுக்க அவளிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டவும் இல்லை. அடுத்த முறை வந்தபோது ஜன்னலோரத்தில் வேறொருவர் படுத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போஸ்ட்மேன். ஜன்னல்காரர் என்று ஒருவர் அங்கே இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

'போயிட்டு வர்றேன்' என்று அங்கே ஏன் யாரும் சொல்வதில்லை என்பது அப்போது புரிந்தது. அக்கா பாடத்தைப் படித்துக்கொண்டாள். எவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டாள் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது. போஸ்ட்மேன் ஒரு நாள் பேச்சுவாக்கில், "எனக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"ஏசி குளிருதுல்ல?" என்றது அக்காளின் வாய்.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. பிரேக்கில் கால் போகிற மாதிரி, தானாகப் போய்விட்டது. தையல் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் கை விட்டு ரிமோட்டை எடுத்து, "இந்தா, உனக்கு என்ன வேணுமோ போட்டுக்க" என்று நீட்டினாள். அத்தனை நாளில் அந்த ரிமோட் இன்னொருவர் கைக்குப் போனதில்லை. அக்காளுக்கு முதலில் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான், இதை நான் எப்போது கற்றுக்கொண்டேன், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசனை வந்தது. நெடுநேரம் யோசித்தும் பிடிபடவில்லை.

அதற்கப்புறம்தான் பூட்டுக்காரர் வராமல் போனார்.

முதல் நாள், சளியாக இருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டி.வி. மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. வெளியே வந்ததும் தம்பி, "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, வண்டிய எடு" என்றாள். வாசலுக்கு வெளியே கூட, பூட்டுக்காரர் எங்கே என்ற கேள்வி அவள் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த முறையும் கட்டில் காலி. அந்த நோய்க்காரர்கள் ஒரு தடவை தவறவிட்டால் உடம்பு கனக்கும். இரண்டு தடவை தவறவிட்டால் நீர் நெஞ்சில் ஏறும். அங்கே படுத்திருந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காளும் பார்த்தாள். அப்போது சிஸ்டர் மேஜையில் போன் அடித்தது. யாரோ புது நோயாளியின் வீட்டார் போல. சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பொறுங்க. அடுத்த தடவைலருந்து ஒரு இடம் கிடைக்கும்னு நினைக்கிறேன்" என்றாள்.

அது பூட்டுக்காரர் கட்டில் என்று அக்காளுக்கு உடனே புரிந்தது. ஆள் போய்விட்டார் என்று தெரிந்தால் அழுதுவிட்டுப் போகலாம். ஆனால் யாருக்கும் தெரியாதே. ஒருவேளை உயிரோடு இருந்து, நாளைக்கு எழுந்து வந்தால் அவர் கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பார். மெஷின் கிடைக்காமல் அலைந்தே மனிதர் போய்விடுவார். கேட்டால்தான் தெரியும். கேட்டால் தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடந்து தவித்தாள். சாலையில் ஒரு வண்டி காரணமில்லாமல் வளைந்து போனால், பின்னாலேயே போய் நிறுத்தி, ஏன் வளைந்தாய் என்று கேட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். அந்தக் குணம்தான் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சிஸ்டர், பூட்டுக்காரர் எங்க?"

சிஸ்டர் கை நின்றது. தையல் அம்மா ரிமோட்டைத் தேடினாள். "இந்த ஏசி..." என்று ஆரம்பித்தாள்.

"ஏசிய விடுங்கம்மா. பூட்டுக்காரர் எங்க?"

"உனக்கு என்ன, நேத்துத்தான் வந்தியா? இங்க எப்படின்னு தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"பேசாம படு. பி.பி. ஏறுது உனக்கு." சொன்ன மாதிரியே அக்காளின் மெஷின் பீப் பீப் என்று கத்தியது. பேச்சு வேகத்தில் ஊசி போட்ட கையை அசைத்துவிட்டாள். சிஸ்டர் ஓடிவந்து கையை நேராக்கி, பொத்தானை அழுத்தினாள். அருகில் வந்தவளை அக்கா விடவில்லை.

"போன் பண்ணிப் பாத்தீங்களா சிஸ்டர்?"

"பண்ணேன். எடுக்கல."

"மறுபடி?"

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "மறுபடி பண்ணா யாராவது எடுப்பாங்க அக்கா. தம்பியோ மகளோ, அழுதுக்கிட்டே எடுப்பாங்க. நிறைய தடவ கேட்டாச்சு. அதான் ரெண்டாவது தடவ பண்றதில்ல."

"அவருக்குத் தம்பியும் இல்ல, மகளும் இல்ல சிஸ்டர். தனி ஆள்."

அப்போது யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஹெட்போன் தம்பி. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "போன வாரம் அவருக்குக் கால் வீங்கியிருந்துச்சு" என்றான். மெலிந்த உடம்புக்குப் பொருந்தாத கனத்த குரல். "செருப்பு நுழையல. கையில எடுத்துக்கிட்டுப் போனாரு. பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது?"

நியாயமான கேள்விதான். தையல் அம்மா, சுவரைப் பார்த்தபடி, "கடை ஷட்டர் பாதி திறந்திருக்கு" என்றாள்.

"எந்தக் கடை?"

"அவரு கடைதான். நான் வர்ற பஸ்சு அந்த வழியாத்தான் வருது. காலையில பார்த்தேன். கீழ பாதி திறந்து கிடக்குது."

அக்கா தலையைத் தூக்கினாள். "அப்போ உள்ள ஆள் இருக்காருன்னு அர்த்தம்."

"பாதி திறந்திருந்தா சாவு வீடாகவும் இருக்கலாம். நான் கண்ணை மூடிக்கிட்டேன். பஸ் தாண்டுற வரைக்கும் மூடிக்கிட்டேன், போதுமா?"

அக்கா சும்மா இருந்த கையால் போனை எடுத்து, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த தம்பியைக் கூப்பிட்டாள். தையல் அம்மாவிடம் வழி கேட்டுச் சொன்னாள். உடனே போ என்றாள்.

"போய் என்னன்னுக்கா கேக்கறது? நீங்க உயிரோட இருக்கீங்களான்னா?"

"அப்படியே கேளு."

தம்பி கிளம்பினான். 'பழகுநர்' என்று கூரையில் பலகை மாட்டிய சின்னக் காரில், அக்கா சொல்லிக்கொடுத்தபடியே எல்லா வளைவிலும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு போயிருப்பான். அக்காளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, இவனுக்கு இத்தனை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

டி.வி.யை யாரோ அணைத்துவிட்டார்கள். ஐந்து மெஷின்களில் நான்கு ஓடும் சத்தம் மட்டும். போஸ்ட்மேன் ஒரு முறை, "இருப்பாரா?" என்றார். யாரும் அவரை அதட்டவில்லை. சிஸ்டர் தன் மேஜைக்குப் போகாமல் காலிக் கட்டிலின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

போன் அடித்ததும் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஆள் இருக்காரு."

தையல் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நாற்காலியில உக்காந்திருக்காரு. படுத்தா மூச்சு வாங்குதாம், அதனால ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காரு. காலு ரெண்டும் தூண் மாதிரி இருக்கு. போன் உள் ரூம்ல கிடக்குதாம், எந்திரிச்சுப் போக முடியல."

பின்னால் பூட்டுக்காரர் குரல், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியபடி, "யாரு... கேட்டது?" என்றது.

"எங்க அக்காதான் கேட்டுச்சு."

"கேட்டாங்களா" என்றது குரல்.

சிஸ்டர் போனைப் பிடுங்கினாள். "சார், அவரைப் படுக்க வைக்காதீங்க, உக்கார வெச்சே கூட்டிட்டு வாங்க. தண்ணி கேட்டாலும் குடுக்காதீங்க. நேரா இங்க வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லிடுறேன்." இத்தனை வார்த்தைகளைச் சிஸ்டர் சேர்ந்தாற்போலப் பேசி அந்த அறை கேட்டதில்லை.

அன்றைக்கே அவரை மெஷினில் போட்டார்கள். சில நாள் மேல் மாடியில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலை, கால் வீக்கம் வற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு, தன் கட்டிலுக்கே வந்து சேர்ந்தார். கையைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டார். ஊசி போட்டு முடிந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணே, பக்கத்துக் கடைக்காரங்க யாரையாவது சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"முதல் நாள் ஜுரம் டிரைவரம்மா. தூங்கிட்டேன், நேரம் போனதே தெரியல. ரெண்டாவது தடவ முயற்சி பண்ணியிருந்தா வந்திருக்கலாம். ஷட்டரைக்கூடப் பாதி தூக்கிட்டேன். அப்புறம் உக்காந்து யோசிச்சேன்." கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். "இந்நேரம் தையல் அம்மா ஏசி குளிருதுன்னு சொல்லியிருப்பாங்கன்னு தோணுச்சு. ஒரு தடவ சொல்லியாச்சுன்னா முடிஞ்சுது இல்லயா. அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட உள்ள வர்றது? எல்லாரும் ஒரு மாதிரி பழகிட்டிருப்பாங்க, அதைப் போய்க் கெடுக்கணுமான்னு இருந்துச்சு."

சாகப் போகிற மனிதர், தான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டவர்களுக்குச் சங்கடம் தரக்கூடாது என்று வீட்டிலேயே இருந்திருக்கிறார். அதில் சிரிக்கவும் இருந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

"நல்லா இருக்குய்யா நியாயம்" என்றாள் தையல் அம்மா. "எம்மேல பழியப் போடு."

அக்கா அப்போதுதான் தன் விசாரணையைத் தொடங்கினாள். இந்த விதியை யார் போட்டது? அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். "நீங்கதானேம்மா இங்க மூத்தவங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க, கேக்கக் கூடாதுன்னு?"

"யாரும் சொல்லல. நான் வந்த புதுசுல எம் பக்கத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு, சின்னப் பொண்ணு. ஒரு நாள் வரல. கேட்டேன். இந்த சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. சரி, கேக்கக் கூடாது போலன்னு இருந்துட்டேன்."

சிஸ்டர் கையில் பிடித்திருந்த பஞ்சை மேஜையில் வைத்தாள். "நான் அப்போ வேலைக்குச் சேர்ந்த புதுசு. அழுகை வந்துருச்சு, அதான் திரும்பிக்கிட்டேன். அதுக்கப்புறம் நீங்க யாரும் எதுவும் கேக்கல. உங்களுக்குக் கேக்கப் பிடிக்கலன்னு நான் நினைச்சேன். பிடிக்காததை ஏன் சொல்லணும்னு சும்மா இருந்தேன்."

"நாங்க உங்களுக்காகத்தான் கேக்கல."

"நான் உங்களுக்காகத்தான் சொல்லல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் ஒரு கதவை ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது அது.

"உனக்கு யார் சொன்னாங்க தம்பி?" என்றாள் அக்கா.

"நீங்க எல்லாரும் பேசாம இருந்தீங்க. எனக்கு அந்தப் பேசாம இருக்கறது பயமா இருந்துச்சு. அதான் ஹெட்போன் வாங்கினேன்" என்றான் ஹெட்போன் தம்பி. "பாதி நாள் இதுல பாட்டே ஓடாது அக்கா."

பூட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்ததில் அவருடைய மெஷின் கத்தியது.

ஆனால் தையல் அம்மா சிரிக்கவில்லை. அன்று கிளம்பும்போது, எடை பார்த்துவிட்டு, அக்காளின் கட்டிலருகே வந்து நின்றாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்தத் தடவ நல்ல பதில் வந்துச்சு. உனக்கு அதிர்ஷ்டம். எப்பவும் அப்படி வராது. யார் ஆரம்பிச்சாங்கன்னு கண்டுபிடிச்சுட்ட, சரி. எதுக்கு இத்தனை வருஷம் நீடிச்சுதுன்னு யோசிச்சியா? கேக்காம இருந்தா, அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க, வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாங்கன்னு நினைச்சுக்கலாம். நான் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், அந்தச் சின்னப் பொண்ணை. இனிமே அப்படி நினைக்க விடுவியா நீ?"

சாலையில் ஒரு விதியை மீறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே மீறியதால் என்ன ஆகும் என்பது தெரிய, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் காத்திருப்பில் அவளுக்குப் பயமும் இருந்தது, என்னதான் ஆகும் பார்ப்போம் என்ற ஆவலும் இருந்தது. இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச காலம் எல்லோரும் தவறாமல் வந்தார்கள். பிறகு, மழை விடாமல் பெய்த ஒரு நாள், போஸ்ட்மேன் வரவில்லை.

மழையில் பஸ் கிடைத்திருக்காது என்று பூட்டுக்காரர் சொன்னார். இருக்கலாம் என்றார்கள். ஊசிகள் போட்டாகிவிட்டது. சிஸ்டர் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கண் சிவந்திருந்ததை அக்கா கவனித்தாள். கேட்க வாய் திறந்தாள், வார்த்தை வரவில்லை. அன்றைக்கு இருந்த துணிச்சல் இன்றைக்கு இல்லை. அன்றைக்குத் தெரியாமல் தவித்தாள். இன்றைக்குச் சிஸ்டர் முகத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. ஒரு கணம், டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"சிஸ்டர்" என்றாள் தையல் அம்மா. "போஸ்ட்மேன் எங்க?"

சிஸ்டர் நின்றாள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ரெண்டு தடவ போன் பண்ணேன்மா. ரெண்டாவது தடவ அவர் மருமக எடுத்தாங்க. நேத்து விடியக்காலம், தூக்கத்துலயே."

ஹெட்போன் தம்பி கையால் முகத்தை மூடிக்கொண்டான். பூட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். தையல் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. துடைக்க அவள் கையைத் தூக்கவில்லை. சிஸ்டர் போய்ப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். பிறகு, வேலை நேரத்தில் ஒருநாளும் உட்காராதவள், அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். இதற்குத்தான் பயந்தார்களா? இதற்குத்தான். வலிக்கத்தான் செய்தது. யாராவது, இனிமே கேக்காதீங்கப்பா என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள். சொன்னால் ஒத்துக்கொள்ளவும் தயாராக இருந்தாள்.

தையல் அம்மாதான் வாய் திறந்தாள்.

"அவரு எந்தத் தெருவுல தபால் குடுத்தாரு? யாருக்காவது தெரியுமா?"

"ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றார் பூட்டுக்காரர். "சைக்கிள்லயேதான் கடைசி வரைக்கும். எங்கிட்டதான் சைக்கிள் பூட்டுக்குச் சாவி வெட்டுவாரு. மாசத்துக்கு ஒண்ணு தொலைப்பாரு."

"மாசத்துக்கு ஒண்ணா?" என்றான் ஹெட்போன் தம்பி, முகத்திலிருந்து கையை எடுக்காமலே.

"ஆமா. ஊர்ல எல்லார் விலாசமும் தெரியும். சாவி எங்க வெச்சோம்னு மட்டும் தெரியாது."

தையல் அம்மாவுக்கு அழுகையோடு ஒரு சிரிப்பும் வந்துவிட்டது. "இது எனக்குத் தெரியாதே" என்றாள். தலையை அக்காளின் பக்கம் திருப்பினாள். "நீதான் அவருகிட்ட நிறையப் பேசுவ. வேற என்ன தெரியும் உனக்கு? சொல்லு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு நாய்கள் என்றால் எவ்வளவு பயம் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.